இரண்டு வாசல் வைத்த ரிஸ்பா

ரிஸ்பாவின் விடுதிக்கு இரண்டு வாசல். அதுதான் அவள் செய்த குற்றமாம். எங்கள் ரக்வாரோவில் ஏரிக்கரையை வளைத்துப் போட்டவன் பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறான். ஆஸ்பத்திரி மருந்தைக் கடையில் விற்றவன் தேவாலயத்தில் முன்வரிசையில் உட்காருகிறான். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் படுக்கை விரித்துக் கொடுத்த ஒருத்தியின் வாசலில் வந்து சங்கிலி போட்டார்கள்.

நான் மிகல். ரிஸ்பாவின் விடுதிக்கு எதிரே சாலையோரம் மீன் பொரித்து விற்கிறேன். என் அடுப்பிலிருந்து பார்த்தால் அவளுடைய ஏரிப் பக்க வாசல் தெரியும். சந்தைப் பக்க வாசலுக்கு நான் கொஞ்சம் எக்கிப் பார்க்க வேண்டும். எக்கிப் பார்ப்பேன். அதனால் நடந்தது எல்லாம் எனக்குத் தெரியும், யாரும் வந்து எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் பிறந்தது ஏரி வளைகுடாவுக்கு அந்தப் பக்கத்துப் படகுத்துறையில். பதினாறு வயதில் இங்கே வந்து, ஏரிக்கரையிலிருந்த பழைய சர்க்கார் ஹோட்டலில் அறை துடைக்கப் போனாள். அந்தக் காலத்தில் அது பெரிய ஹோட்டல். வெள்ளை விரிப்பு, பித்தளைச் சாவி, மாலையில் தேநீர். அங்கே பழகிய பழக்கம் அவளை இன்றைக்கும் விடவில்லை. காலி அறையாக இருந்தாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவாள். தன் சொந்தச் சமையலறைக் கதவைத் தட்டிவிட்டு நுழைந்ததை நானே பார்த்திருக்கிறேன். "உள்ள யாருடி இருக்கா, உன் புருஷனா?" என்று கேட்டேன். அவள் கணவன் ஒண்டியெக் இறந்து அப்போது நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. "இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றாள். அப்படிப்பட்டவள்.

அந்த ஹோட்டலைச் சர்க்கார் ஏலத்தில் விட்டது. எடுத்தவர்கள் நடத்தவா எடுத்தார்கள்? கூரைத் தகரத்தைக் கழற்றினார்கள், ஜன்னலைக் கழற்றினார்கள், குளியல் தொட்டியைக்கூட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது அங்கே ஆடுகள் படுக்கின்றன. வேலை செய்த ஜனம் அத்தனையும் தெருவுக்கு வந்தது. இந்தப் பக்கத்தில் ஹோட்டல் தொழில் எப்படிப் போகிறது என்று யாராவது நோட்டும் பேனாவுமாக வந்து கேட்டால், அந்த ஆடுகளைக் கேளுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ரிஸ்பா விடுதி கட்டியது காசு பார்க்க அல்ல. ஒண்டியெக்கை அடக்கம் செய்த அன்றைக்கு அவளுடைய அம்மா வளைகுடாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து லாரியில் வந்தாள். மருமகன் வீட்டு வளவில் மாமியார் தலை சாய்க்க முடியுமா? முடியாது. மருமகன் இருக்கும் கூரைக்கடியில் மாமியார் படுக்க மாட்டாள். மாமியார் படுத்திருக்கும் வாசலை மருமகன் மிதிக்க மாட்டான். அவன் செத்த பிறகும் அவன் அண்ணன் தம்பிகளுக்கு அதே முறைதான். மீறினால் சிரா பிடிக்கும், ஆள் உருகிப் போவான் என்பார்கள். நம்புகிறவர்கள் பயத்தில் செய்கிறார்கள், நம்பாதவர்கள் வெட்கத்தில் செய்கிறார்கள். செய்வது என்னவோ எல்லோரும்தான்.

ஊரில் அப்போது ஒரே ஒரு விடுதி. அங்கே ஒரே வரிசையில் அறைகள், அத்தனையிலும் சம்பந்தி வீட்டு ஆண்கள். அந்த அம்மா போகவில்லை. லாரியின் பின்பக்கத்தில், மழையில், ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் போனவள் இருமிக்கொண்டே கிடந்து போய்ச் சேர்ந்தாள். ஒரே மழைக்காலத்தில் ரிஸ்பா புருஷனையும் அம்மாவையும் தூக்கிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் ஒண்டியெக் விட்டுப்போன மனையில் அவள் கட்ட ஆரம்பித்தாள். நாலு அறை இந்தப் பக்கம், நாலு அறை அந்தப் பக்கம். நடுவில் ஆள் உயரத்துக்குக் கள்ளி வேலி. பெண் கொடுத்தவர்கள் ஏரிப் பக்க வாசலில் வர வேண்டும், பெண் எடுத்தவர்கள் சந்தைப் பக்க வாசலில் வர வேண்டும். தனித்தனிக் குளியலறை, தனித்தனிக் கழிப்பறை, துணி காயப்போடக்கூடத் தனித்தனிக் கொடி. வந்து நிற்கிறவரிடம் அவள் பெயரைக் கேட்க மாட்டாள். "குடுத்த பக்கமா, எடுத்த பக்கமா?" என்றுதான் முதலில் கேட்பாள்.

எங்கள் ஊருக்கு யார் வருகிறார்கள்? சுற்றுலாக்காரனா? போன வருஷம் ஒரு வெள்ளைக்காரன் வந்தான், தீவுக்கு வழி கேட்டுவிட்டுப் போனான். வருகிறவர்கள் எல்லாம் சாவுக்கு வருகிறவர்கள். வெள்ளிக்கிழமை சவக்கிடங்கிலிருந்து உடல் வரும், சனிக்கிழமை அடக்கம். வாராவாரம் ஏதோ ஒரு வீட்டில் பந்தல். சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் சம்பந்திகள் ரிஸ்பாவிடம் வந்துவிடுவார்கள். என் மீனும் அதனால்தான் விற்றது. இந்த ஜில்லாவின் விடுதித் தொழில் என்பது அவ்வளவுதான். ஆனால் அது மேலே இருப்பவர்களுக்கு அசிங்கமாகப் படுகிறது. படம் போட்டு அச்சடிக்க முடியாதல்லவா?

பிறகு ரக்வாரோ பே ஹோட்டல் வந்தது. மூன்று மாடி, கண்ணாடி, முன்னால் நீர் தெளிக்கும் குழாய். எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவதில்லை, அங்கே புல்லுக்குப் பீய்ச்சி அடிக்கிறார்கள். மேனேஜர் தலைநகரத்து ஆள். எங்கள் ஊர்ப் பெண்களை நாள் கூலிக்கு எடுத்து, சனிக்கிழமை வரச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை போகச் சொல்லுவார்கள். அங்கே பரிமாறும் மீன் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கடல் தாண்டி, பெட்டியில், ஐஸில் உறைந்து வருகிறது. ஜன்னலைத் திறந்தால் ஏரி! தட்டில் எந்த நாட்டு மீனோ! அந்தச் சமையல்காரனிடம் நான் கேட்டேன். "அது ஒரே அளவா இருக்கும்கா" என்றான். மீன் என்ன செங்கல்லா, ஒரே அளவில் இருக்க?

அந்த ஹோட்டலை நிரப்ப வேண்டுமே. அதற்குத்தான் கூட்டம் கூட்டமாகப் பயிலரங்கு நடத்தினார்கள். சின்ன விடுதிகளை முன்னேற்றுவது எப்படி என்றுகூட ஒன்று நடந்தது. ரிஸ்பாவும் போனாள். ஒரு பேனாவும் ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்து, குறைகளைச் சொல்லச் சொன்னார்களாம். திரும்பி வந்தவளிடம் கேட்டேன்.

"என்னடி கேட்ட?"

"நம்ம தெருவுக்குக் குழாய்த் தண்ணி எப்ப வரும்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒரு மஞ்சத் தாள்ல எழுதி சுவத்துல ஒட்டினாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் கோழி போட்டாங்க. நல்லா வேகல."

ஜகேரோ என்கிற அதிகாரி அங்கேதான் முதலில் அவள் கண்ணில் பட்டான். ஜில்லாவின் சுற்றுலா, தங்கும் விடுதி எல்லாம் அவன் கையில். எங்கள் ஆள்தான், பக்கத்து மலையடிவாரத்தில் பிறந்தவன்தான். ஆனால் தலைநகரத்தில் படித்து, அங்கேயே இருந்து, அப்பன் வளவில் தனக்கென்று ஒரு குடிசைகூடக் கட்டாதவன். எங்களில் ஆண்பிள்ளை அப்படி இருக்கலாமா? அவன் அப்பா அதைச் சொல்லிச் சொல்லியே மாய்ந்துபோனார். ஊருக்கு வந்தால் பே ஹோட்டலில்தான் தங்குவான்.

ஒரு நாள் அவன் இரண்டு எழுத்தர்களோடு விடுதியைப் பார்க்க வந்தான். நான் கரண்டியோடு சாலையைக் கடந்து போய் நின்றுகொண்டேன்.

"எதுக்கும்மா ரெண்டு வாசல்?" என்று கேட்டான்.

"சம்பந்திங்க வர்றாங்களே ஐயா. அதுக்குத்தான்" என்றாள் ரிஸ்பா.

"ஒரு கூரை, ஒரு வரவேற்பு மேஜை, ஒரு வாசல். அதான் விதி. ரெண்டு வாசல் வெச்சு விடுதி நடத்துறாங்கன்னா உள்ள என்ன தொழில் நடக்குதுன்னு எங்களுக்குத் தெரியாதா? ஒரு வழியா வந்து இன்னொரு வழியா போறதுக்குத்தானே?"

எழுத்தர்களில் ஒருவன் சிரித்தான். ரிஸ்பா தேவாலயத்து மாதர் சங்கத்தில் விளக்கேற்றுகிறவள். அவள் முகம் செத்துப் போயிற்று. நான் பேசினேன்.

"ஏன் தம்பி, உனக்கு மாமியார் இருக்காங்கல்ல? அவங்கள எங்க படுக்க வெப்ப?"

"அதெல்லாம் அந்தக் காலம்கா. இப்ப யாரு பாக்குறாங்க? நாலு பேரு வெளியூர்லேர்ந்து வந்து தங்கணும்னா தரம் வேணும்."

"வர்ற நாலு பேரும் சாவுக்குத்தானேப்பா வர்றான்!"

"நீங்க முதல்ல அந்த எண்ணெயை மாத்துங்க, நாறுது" என்றான் என்னைப் பார்த்து. அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை.

இரண்டு வாசலிலும் சங்கிலி போட்டு, பூட்டுத் தொங்கவிட்டு, சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டார்கள். ரிஸ்பா மட்டுமல்ல. பேருந்து நிலையத்தருகே ஐந்து அறை வைத்திருந்த கெசியா, சந்தையில் மாடி வைத்திருந்தவர், படகுத்துறையில் மூங்கில் தட்டி கட்டி நடத்திய தம்பதி என்று ஊரிலிருந்த சின்ன விடுதிகள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு குறை. ஒன்றில் ஜன்னல் சிறிது, ஒன்றில் படி செங்குத்து. எல்லாக் குறைக்கும் மருந்து ஒன்றுதான், விருந்தாளிகள் பே ஹோட்டலுக்குப் போக வேண்டும்.

சரி, போனார்கள். என்ன ஆயிற்று? ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் காலையில் துண்டோடு அறையிலிருந்து வெளியே வந்திருக்கிறார். எதிர்க் கதவு திறந்தது. தலையில் துணிகூட இல்லாமல் அங்கே நின்றது அவருடைய மாமியார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, அடக்கத்துக்கே போகாமல் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சம்பந்திகள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஏறி வந்த மடாட்டு வேன்களுக்குள்ளேயே சுருண்டு படுத்தார்கள். அல்லது மாலையிலேயே திரும்பிப் போனார்கள். என் மீன் ஈ மொய்த்துக் கிடந்தது.

ரிஸ்பா கட்டில்களை ஒவ்வொன்றாக விற்றாள். மெத்தைகள் பூட்டுக்கு உள்ளே மாட்டிக்கொண்டது ஒரு வகையில் நல்லதாயிற்று, இல்லையென்றால் அவையும் போயிருக்கும். பூட்டின அன்றைக்குக் கழுவிக் காய வராந்தாவில் எடுத்துப் போட்டிருந்த கட்டில்களைத்தான் விற்க முடிந்தது. பகலில் என்னோடு உட்கார்ந்து மீன் கழுவினாள். பே ஹோட்டலுக்குத் துணி வெளுக்கும் கொட்டகை போட இடம் வேண்டுமென்று ஒரு தரகன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"குடுத்துடப் போறேன் மிகல்" என்றாள் ஒரு நாள். "மாசக் கடைசியில கையெழுத்து. வாசல் தெறக்காத வீட்டை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்ண?"

"போடி பைத்தியக்காரி! அவன் அழுக்குத் துணி தொவைக்கவா ஒண்டியெக் உனக்கு மனை வெச்சிட்டுப் போனான்?"

"சாப்புடணும்ல" என்றாள்.

அந்த மாதம் முடிவதற்குள் ஜகேரோவின் அப்பா இறந்துபோனார்.

பெரிய சாவு. வெள்ளிக்கிழமை வண்டி வண்டியாக வந்தார்கள். சொந்தக் குடிசை இல்லாத மகன் எங்கே தங்குவான்? பே ஹோட்டலில் இரண்டாம் மாடியில். மாமியார் வீட்டார் யிம்போவிலிருந்து வருகிறார்கள், அவர்களுக்கும் அதே மாடியில் அறை எடுத்துவிட்டான். நல்ல அறை, ஏரி தெரியும் அறை. அவன் மனதில் அது மரியாதை. நாங்கள் யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டோம். அவனும் எங்களில் ஒருவன் என்பதால்தான் அது அவ்வளவு பெரிய தப்பு.

மாமியார் பெயர் தமரி. ஒல்லியாக, நிமிர்ந்து நடக்கிற கிழவி. ஹோட்டல் மேஜையில் நின்ற பெண் என் தங்கை மகள், அவள் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

"மாப்பிள்ளை எங்க தங்கியிருக்காரு?" என்று கேட்டிருக்கிறாள் தமரி.

"உங்களுக்கு எதிர் ரூம்தான்மா."

கிழவி கைத்தடியைத் திருப்பிக்கொண்டு போய், வந்த வண்டியிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள். மகள் ஜெருஷா கெஞ்சினாள். மேனேஜர் பழச்சாறு கொண்டுபோய் நீட்டினான். ஜகேரோவால் கிட்டப் போய்ப் பேசவும் முடியாது, மாமியார் முகத்துக்கு நேரே நின்று மல்லுக்கட்டவா முடியும்? ஏரிப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

பொழுது சாயும்போது ஜெருஷா அழுதுகொண்டே என் அடுப்பருகே வந்தாள். "ரிஸ்பா அக்கா யாரு? ஒரே ஒரு ரூம் குடுங்கக்கா. அம்மா வண்டியிலயே உட்கார்ந்திருக்காங்க."

நான் எழுந்தேன். "உன் புருஷன் போட்ட பூட்டு அதோ தொங்குது, பாரு. ஒரு வழியா வந்து இன்னொரு வழியா போற எடமாச்சே இது? உங்க அம்மா இங்க வரலாமா? வண்டியிலயே கெடக்கட்டும்!"

"மிகல், வாயை மூடு" என்றாள் ரிஸ்பா. அவள் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. கையிலிருந்த செதிலை இடுப்புத் துணியில் துடைத்தாள். "எங்கம்மா அப்படித்தான் உட்கார்ந்தா. இன்னொருத்தி உட்காரக் கூடாது." பிறகு ஜெருஷாவிடம் சொன்னாள், "பூட்டு என்னுது இல்ல தாயி. போட்டவங்கள தெறக்கச் சொல்லு. நான் அதுக்குள்ள தண்ணி சுட வைக்கிறேன்."

எழுத்தன் ஒருவன் சாவியோடு ஓடி வந்தான். அன்றைக்குச் சிரித்தானே, அவனேதான். ஏரிப் பக்க வாசலை மட்டும் திறந்தான். ரிஸ்பா உள்ளே போய், காலி அறையின் கதவைத் தட்டிவிட்டு நுழைந்தாள். மழை விழுவதற்குள் தமரி உள்ளே வந்துவிட்டாள். "குடுத்த பக்கமா, எடுத்த பக்கமா?" என்று ரிஸ்பா கேட்க, "குடுத்த பக்கம்தான். குடுத்த புத்திய சொல்லணும்" என்றாள் கிழவி.

சனிக்கிழமை அடக்கம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் உகாலிக் களியும் மீனும் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றும் சொல்லக் கூடாது, சாவு வந்த வீட்டு ஜனம் என்று ரிஸ்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன், கிழவி மீன் தலையை எடுத்து உறிஞ்சும்வரை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கதவில் அந்தச் சிவப்புச் சாயம் எதற்கு என்று அவள்தானே கேட்டாள்! சங்கிலி, அந்தச் சிரிப்பு, விற்ற கட்டில்கள், தரகன், லாரியில் உட்கார்ந்த ரிஸ்பாவின் அம்மா, என் எண்ணெய் நாறுகிறது என்றது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கிழவி முள்ளை ஒதுக்கி வைத்தாள். "பூட்டுப் போட்டது எங்க மாப்பிள்ளையா?"

"வேற யாரு?"

"உன் எண்ணெய் நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் அந்த எழுத்தன் சங்கிலியும் பூட்டும் எடுத்துக்கொண்டு வந்தான். ஆமாம், திரும்பவும் பூட்ட! மாமியாருக்காகத் திறந்தது தனி விஷயமாம், விதி தனி விஷயமாம். இதைக் கேட்டதும் நான் கொதிக்கிற எண்ணெயைத் தூக்கி ஊற்றியிருப்பேன். ரிஸ்பா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, வண்டி ரெடி. கெளம்பறீங்களா? பூட்டணும்" என்றான் எழுத்தன் தமரியிடம்.

தமரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தபடியே காலை மேலே தூக்கி மடக்கிக்கொண்டாள். "பூட்டுனவரை வரச் சொல்லு. அவரே உள்ள வந்து, என் கையப் புடிச்சு எழுப்பி விடட்டும். எழுந்திரிக்கிறேன்."

எழுத்தனின் கையிலிருந்த சங்கிலி தரையில் விழுந்தது. மாமியார் படுத்த அறைக்குள் மருமகன் நுழைவதா? அவள் கையைத் தொடுவதா? எந்த மருமகன் செய்வான்? செய்துவிட்டு இந்த ஜில்லாவில் எந்த முகத்தோடு நடப்பான்?

ஜகேரோ காரில் வந்தான். வாசலுக்கு வெகு தூரத்திலேயே, புளிய மரத்தடியில் நிறுத்திவிட்டான். அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. எல்லாம் அந்தக் காலம் என்று சொன்னவன்தானே? வரட்டுமே! பாவம் ஜெருஷாதான் மரத்துக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள்.

"அம்மா, அடுத்த மாசம் பாக்கறேங்கறாரு."

"அடுத்த மாசம் வரைக்கும் எனக்கும் வேலை இல்ல."

"ஒரு வாசலுக்கு அனுமதி தர்றேங்கறாரு."

"ஒரு வாசலா? நாளைக்கு அவங்க ஆளுங்களும் நானும் ஒரே வழியா வரணுமா? ரெண்டும் தெறக்கணும். தாள்ல எழுதித் தரணும். இந்தம்மாவைச் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேக்கணும், அதை அங்கேர்ந்தே சத்தமா கேக்கலாம்."

ஊரே கூடிவிட்டது. என் மீன் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. மதியத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்தேன், முடியவில்லை. கோட்டும் டையும் போட்டவனுக்கு வீம்பு இருக்காதா? செவ்வாய்க்கிழமையும் போயிற்று. கிழவி சாப்பிட்டாள், தூங்கினாள், ரிஸ்பாவுக்குப் பழைய பாட்டெல்லாம் பாடிக் காட்டினாள். புதன்கிழமை, மரத்தடியில் நின்றவனைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்த பிறகு, தாள் வந்தது. முத்திரையோடு வந்தது. இரண்டு வாசல் உள்ள விடுதி என்று அதில் எழுதியே இருந்தது. மன்னிப்பும் வந்தது, ஆனால் மரத்தடியில் என்ன சொன்னான் என்று எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. ரிஸ்பா தன் காதில் விழுந்தது என்றாள். அவள் விழாததையும் விழுந்தது என்று சொல்கிறவள்.

சந்தைப் பக்கச் சங்கிலியை எழுத்தன் அவிழ்த்த பிறகுதான் தமரி கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தாள். தரகன் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. வியாழக்கிழமை ரிஸ்பா கள்ளி வேலியை வெட்டிச் சீர் செய்தாள், வெள்ளிக்கிழமை இரண்டு பக்கமும் ஆள். கட்டில் இல்லாத அறைகளில் மெத்தையைத் தரையில் போட்டாள், யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஊர் சிரிக்கிறது, நியாயம் ஜெயித்துவிட்டது என்கிறது. எந்த நியாயம்? ரிஸ்பா சொன்னது எதையாவது யாராவது காதில் வாங்கினார்களா? விதி அப்படியேதான் இருக்கிறது. பே ஹோட்டலில் கடல் தாண்டி வந்த மீன் அப்படியேதான் வேகிறது. மஞ்சள் தாள் சுவரிலேயேதான் இருக்கும்.

நேற்று மாலை பேருந்து நிலையத்து கெசியா என் கடைக்கு வந்தாள். அவளுடைய ஐந்து அறையும் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது, அவள் வாசலுக்குப் பூட்டுப் போட்டவன் அதே ஆபீசில் சுகாதாரம் பார்க்கிற வேறொரு அதிகாரி. மீன் வாங்கவில்லை. அடுப்பருகே குந்தி உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல் மெதுவாகக் கேட்டாள்.

"மிகல், அந்த தமரி அம்மாவுக்கு இன்னும் மகளுங்க இருக்காங்களா? யாரையாச்சும் அந்த ஆபீசுலயே வேற அதிகாரிக்குக் கட்டிக் குடுத்திருக்காங்களா?"

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.